பருத்திக்கொட்டையிலிருந்து படச்சுருள் வரை

திருப்பூர் நெருப்பெரிச்சலில் துணி எப்படி நகர்கிறது என்று ஒரு டெய்லருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊசி இறங்கியிருக்கும்போது துணி அசையக் கூடாது. அசைந்தால் ஊசி முறியும். ஊசி மேலே எழும்பிய அந்த இமைப்பொழுதில், தட்டுக்கு அடியிலிருக்கும் பல் எழுந்து துணியை ஒரு தையல் தூரம் தள்ளிவிட்டு மறுபடி பதுங்கிக்கொள்ளும். நின்று நகர்ந்து, நின்று நகர்ந்து ஓடுவதுதான் தையல். திருப்பூரின் வடக்கு ஓரத்துப் பனியன் கம்பெனிகளில் இந்தச் சத்தம் ஓய இரவு வெகு நேரமாகும்.

சினிமாவும் இந்த அசைவிலிருந்து பிறந்ததுதான். பிரான்சின் லியோன் நகரில் புகைப்படத் தகடு செய்து விற்றுவந்தது லூமியேர் குடும்பம். படங்களை வரிசையாகச் சுருளில் எடுக்க முடிந்தது. அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தும் வழிதான் பிடிபடவில்லை. 1894இன் இறுதியில், உடம்புக்கு முடியாமல் தூக்கம் வராத ஓர் இரவில், இளையவர் லூயிக்குத் தையல் மெஷின் ஞாபகம் வந்தது என்கிறது சினிமா வரலாறு. அந்த யோசனையில் உருவான பெட்டிக்கு 1895 பிப்ரவரி 13 அன்று காப்புரிமை பதிவானது. டிசம்பரில் பாரிஸில் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் அந்தப் பெட்டி ஓடியது. லியோன் பட்டுத் தறிகளுக்குப் பேர்போன ஊர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அதே மும்பையில், பெடர் ரோட்டில், இந்திய சினிமாவின் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. 2019 ஜனவரி 19 அன்று திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் இரண்டு கட்டடங்கள். ஒன்று குல்ஷன் மஹால் என்ற 19ஆம் நூற்றாண்டு மாளிகை. மௌனப்படம், பேசும்படம், ஸ்டுடியோ காலம், புதிய அலை, மாநில மொழிப் படங்கள் என்று கதை அங்கே அறை அறையாக நீள்கிறது. இன்னொன்று கண்ணாடி முகப்போடு நிமிர்ந்து நிற்கும் நான்கு தளப் புதுக் கட்டடம். அங்கே ஒரு தளம் காந்தியும் சினிமாவும், ஒரு தளம் குழந்தைகளுக்கான ஸ்டுடியோ, ஒரு தளம் தொழில்நுட்பம், ஒரு தளம் இந்தியா முழுதின் சினிமா. வருகிறவர்கள் செல்பி எடுப்பது கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால். என் மனம் நின்றதோ பழைய கேமராக்களுக்கும் புரொஜெக்டர்களுக்கும் முன்னால்தான். கூட வந்திருந்தவர் எங்கள் ஊர் பிளாட்லாக் டெய்லர். ஒரு புரொஜெக்டரின் திறந்த வயிற்றுக்குள் குனிந்து பார்த்துவிட்டு, “ஏனுங்ண்ணா, பல்லு வச்சு இழுக்கறது நம்ம மிஷினாட்டவே இருக்குதுங்களே” என்றார். பொறியியல் புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு படத்துக்கு இருபுறமும் நான்கு நான்கு துளைகள். புரொஜெக்டருக்குள் சிலுவை போன்ற ஒரு சக்கரம் உண்டு. அதில் நான்கு பிளவுகள். பக்கத்தில் சுற்றும் வட்டத்தட்டின் முனையிலுள்ள ஓர் ஆணி ஒரு பிளவுக்குள் நுழைந்து, சிலுவையைக் கால் சுற்று திருப்பிவிட்டு வெளியேறும். அந்தக் கால் சுற்றில் சுருள் சரியாக நான்கு துளை தூரம், அதாவது 19 மில்லிமீட்டர், இறங்கும். ஆணி வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் மீதி நேரம் சிலுவை பூட்டிவைத்ததுபோல் நிற்கும். படம் இறங்கும்போது விளக்கை ஒரு தகடு மறைத்துக்கொள்ளும். ஒரு விநாடிக்கு 24 தடவை இது நடக்கிறது. இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 படங்கள், நான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளம்.

ஆக, தியேட்டரில் நாம் பார்த்ததெல்லாம் அசையாத படங்கள். அசைகிற ஒவ்வொரு கணமும் திரை இருட்டாக இருந்தது. இருட்டு நம் கண்ணில் படாதிருக்க இன்னொரு தந்திரமும் உண்டு. 24 வெட்டு என்றால் திரை மினுக்மினுக்கென்று அடிக்கும். அதனால் படம் நிற்கும்போதே தகடு இன்னொரு முறை குறுக்கே வந்து போகும். 48 மினுக்கம் ஆனதும் கண் விட்டுக்கொடுத்துவிடுகிறது. பிம்பம் விழித்திரையில் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அசைவு தெரிகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். கதையில் பாதிதான் அது. இரண்டு நிலைகளுக்கு இடைப்பட்ட அசைவை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912இலேயே இதை ஆராய்ந்து எழுதினார்.

பேசும்படம் வந்தபோது புதிய சிக்கல் வந்தது. ஒலி, சுருளின் ஓரத்தில் மெல்லிய ஒளிக்கோடாகப் பதிவாகியிருக்கும். ஒரு விளக்கின் ஒளி அதை ஊடுருவி ஒளிமின்கலத்தில் விழ, கோட்டின் அகலம் கூடிக் குறைவதற்கேற்ப மின்சாரம் கூடிக் குறையும். அதுவே ஸ்பீக்கரில் குரலாகும். ஆனால் விட்டுவிட்டு ஓடும் சுருளிலிருந்து ஒலி எடுத்தால் டி.ஆர். மகாலிங்கத்தின் பாட்டும் விக்கலாகத்தான் கேட்கும். எனவே படம் நிற்கும் இடத்தைத் தாண்டி, சுருள் தடங்கலின்றிச் சீராக ஓடும் இடத்தில் ஒலி எடுக்கிறார்கள். அதற்கேற்ப, ஒரு படத்துக்கான ஒலி அந்தப் படத்துக்கு நேராக இருக்காது. சுமார் 20 படம் முன்னால், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அச்சாகியிருக்கும். கதாநாயகி வாய் திறக்கும்போது அவள் குரல் ஒரு முழம் கீழே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

இயந்திரம் இருக்கட்டும். அந்தச் சுருள் எதனால் ஆனது? எங்கள் பக்கத்து ஆளுக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

ஜின்னிங் மில்லில் பஞ்சு பிரிந்தபின் மிஞ்சும் பருத்திக்கொட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குட்டையான ரோமம் ஒட்டியிருக்கும். நூலாகத் திரிக்க முடியாத அளவு குட்டை. கிட்டத்தட்டத் தூய செல்லுலோஸ் அது. அதைச் சுரண்டி எடுத்து, நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் ஊறவைத்து, அலசி, கரைப்பானில் கரைத்து, கற்பூரம் சேர்த்து மெல்லிய தகடாக ஊற்றினால் செல்லுலோஸ் நைட்ரேட் கிடைக்கும். 1889இல் ஈஸ்ட்மன் நிறுவனம் விற்கத் தொடங்கிய ஒளி ஊடுருவும் சுருள் இதுதான். அதன்மேல் பூசியது ஜெலட்டின். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுத்த பசை. பசைக்குள் வெள்ளி உப்புத் துகள்கள். நம் ஊரில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி வைக்கிறோம். சினிமாவுக்குக் கொட்டையின் ரோமமும் வேண்டியிருந்தது, மாட்டின் எலும்பும் வேண்டியிருந்தது. அந்த மாடு என்ன தின்றது என்பதுகூடச் சுருளின் தரத்தைத் தீர்மானித்தது. சில ஜெலட்டினில் மட்டும் சுருள் ஏன் ஒளியைக் கூர்மையாக வாங்குகிறது என்று கோடாக் ஆய்வகத்தில் ஷெப்பர்ட் என்ற ஆய்வாளர் 1920களில் தேடியபோது கிடைத்த விடை, மாடு மேய்ந்த கடுகுச்செடியிலிருந்து வந்த கந்தகச் சேர்மங்கள்.

நைட்ரேட் சுருளில் வெள்ளை பளீரென்றும் கறுப்பு ஆழமாகவும் தெரியும் என்பார்கள், பார்த்தவர்கள். ஆனால் அது வெடிமருந்துக்குப் பங்காளி. இன்னும் கூடுதலாக நைட்ரிக் அமிலத்தில் ஊறிய பருத்திதான் பீரங்கிக்குப் போட்ட வெடிபஞ்சு. 1846 வாக்கில் ஷோன்பைன் என்ற வேதியியலாளர், சிந்திய அமிலத்தை மனைவியின் பருத்தி மேலங்கியால் துடைத்து அடுப்புப் பக்கம் காயப்போட, அது பட்டென்று மறைந்துபோனதாக ஒரு கதை உண்டு. நைட்ரேட் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. மணல் போட்டாலும் அணையாது, தண்ணீருக்கடியில் அமுக்கினாலும் எரியும். பழைய தியேட்டர்களில் ஆபரேட்டர் அறை தனி அறையாக, சின்னத் துவாரங்களும் அவற்றை மூட இரும்புக் கதவுமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

எரியாவிட்டாலும் அது சாகும். செல்லுலோஸில் ஒட்டிய நைட்ரேட் மெல்லக் கழன்று காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். அந்த அமிலம் இன்னும் வேகமாகக் கழற்றும். படம் பழுப்பாகி, பிசுபிசுத்து, தேன்போலக் கொப்புளித்து, கடைசியில் பழுப்புப் பொடியாகிவிடும். இந்த நிலைக்கு வந்த சுருள், 41 டிகிரி வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளக்கூடும். 2003 ஜனவரியில் புனேயில், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் கிடங்கு எரிந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சுருள்கள் போயின.

தீப்பிடிக்காத சுருள் வேண்டுமென்று 1948இல் வந்தது டிரைஅசிட்டேட். இதிலும் செல்லுலோஸ்தான், நைட்ரிக் அமிலத்துக்குப் பதில் அசிட்டிக் அமிலத்தின் கூட்டு. ‘பாதுகாப்புச் சுருள்’ என்றே பெயர் வைத்தார்கள். 1950களிலேயே முதல் புகார் போனது. அனுப்பியது வேறு யாருமல்ல, இந்திய அரசாங்கம். வெக்கையும் ஈரமுமான கிடங்குகளில் புதுச் சுருள்கள் சுருங்கி, வளைந்து, புளித்த வாடை அடித்தன. நைட்ரேட்டில் நடந்த அதே கதை: ஈரம் கூட்டைப் பிரிக்கிறது, வெளிவரும் அசிட்டிக் அமிலம் மேலும் பிரிக்கிறது, வாடை பக்கத்துச் சுருளுக்கும் தொற்றுகிறது. சாயப்பட்டறையில் வேலை செய்தவர் எவரும் அந்த வாடையை முதல் மூச்சில் சொல்லிவிடுவார்; ப்ளீச்சிங் முடிந்த துணியின் காரத்தைச் சமன்செய்ய நாம் ஊற்றும் அதே அசிட்டிக் ஆசிட்தான். பட்டறையில் பி.எச். தாள் நனைத்துப் பார்க்கிறோமே, காப்பகங்களிலும் அப்படியொரு நீலத் தாளை டப்பாவுக்குள் வைத்துவிடுகிறார்கள். தாள் பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது. மஞ்சளானால் உடனே நகலெடுத்தாக வேண்டும்.

ஒரு கணக்கு. அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலுள்ள இமேஜ் பெர்மனென்ஸ் இன்ஸ்டிட்யூட் சொல்வது இது: 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் புது அசிட்டேட் சுருள் புளிக்கத் தொடங்கச் சுமார் 40 ஆண்டு ஆகும். வெப்பம் ஏற ஏற அந்தக் காலம் சுருங்கும். நைட்ரேட்டுக்குப் பரிந்துரைப்பது 2 டிகிரி, 20 முதல் 30 சதவீத ஈரப்பதம். நம் ஊர் மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் கிடந்த டப்பாக்களின் விதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பின்னால் வந்த சுருள் பாலியெஸ்டர். டி-ஷர்ட் நூலாக நாம் பின்னும் அதே பொருள். அது கிழியாது, புளிக்காது. மெஷினில் சிக்கினால் சுருளைவிட மெஷினுக்குத்தான் ஆபத்து.

போனவை எத்தனை! தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. இன்று ஒரு சுருள்கூட இல்லை. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படம் ‘கீசக வதம்’ இல்லை. கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இலிருந்து ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டிய துண்டுப்படங்கள் எங்கே போயினவோ. வெள்ளிக்காகச் சுருள்களைக் கழுவி உருக்கினார்கள். இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’ அப்படித்தான் போயிற்று என்று புனே காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில் சுந்தர்ராஜ் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற மௌனப்படம் மட்டும் தப்பியது. அதைக் காப்பாற்றியது எந்தக் கலைப்பித்தரும் அல்ல. படத்துக்கு மூலமான நாவலின் பதிப்பாளர் உரிமை கேட்டு வழக்குப் போட, படம் தடைபட்டு அவருடைய புத்தகக் கடையில் முடங்கிக் கிடந்தது. 1974இல் புனே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸில் ரென்சோ பியானோ வடிவமைப்பில் 2021 செப்டம்பர் 30 அன்று திறக்கப்பட்ட ஆஸ்கர் அகாடமி அருங்காட்சியகத்தின் அடையாளம், தரையிலிருந்து எழும்பி நிற்கும் பெரும் கோளம். படம் பிடிக்க எல்லோருக்கும் ஆசை வரும் கட்டடம். ஆனால் அதன் உண்மையான அருமை உள்ளே, ஆயிரம் இருக்கை அரங்கின் புரொஜெக்டர் அறையில் இருக்கிறது: நைட்ரேட் சுருளையே ஓட்டிக் காட்டுமளவு தீப்பாதுகாப்போடு கட்டியிருக்கிறார்கள். சென்னை வடபழனியில் 2023 மே மாதம் ஏவிஎம் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய கார்களையும் படப்பிடிப்புக் கருவிகளையும் பார்க்கலாம். குடும்பத்தோடு போய்வர நல்ல இடம். கார் துருப்பிடித்தால் தேய்த்து வண்ணம் பூசலாம். புளித்த சுருளுக்கு அந்த வழி இல்லை. எனவே என் கட்சி இதுதான்: கண்ணாடிக் கட்டடம் வரட்டும், கூடவே ஜன்னலே இல்லாத ஒரு குளிர் அறையும் வரட்டும்.

இடம் தேடி அலையவும் வேண்டாம். தூசில்லாத குளிர்ந்த காற்றுக்காகத்தான் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை ஊட்டியில் அமைத்தார்கள். 1967இல் உற்பத்தி தொடங்கி ‘இந்து’ என்ற பெயரில் சுருள் விற்ற ஆலை, இப்போது மூடிக் கிடக்கிறது. ஈரத்தை உறிஞ்ச இயந்திரம் வைத்துக்கொண்டால், குளிரூட்ட ஆகும் மின்சாரத்தில் கணிசமான பங்கை மலையே மிச்சப்படுத்திவிடும்.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூடிய டூரிங் கொட்டகையிலோ, பழைய விநியோகஸ்தர் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ சுருள் டப்பா கண்ணில் பட்டால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள், பீடி சிகரெட்டோடு பக்கத்தில் போகாதீர்கள். புளித்த வாடை வந்தால் அந்த டப்பாவை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ, மும்பை பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷனுக்கோ ஒரு கடிதம் போடுங்கள். டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே எழுதி அனுப்பினால் போதும்.