மார்ச் 21: அவென்யூ ரோட்டின் இரண்டு முனைகள்

சிட்டி மார்க்கெட்டில் காலை வேளையில் நடப்பதென்றால் பூக்கூடைகளுக்கு நடுவே பாதம் வைக்க இடம் தேட வேண்டும். அந்த நெரிசலைத் தாண்டி, கிருஷ்ணராஜேந்திர ரோட்டையும் உயிரோடு கடந்துவிட்டால் எதிரே பெங்களூர்க் கோட்டையின் டெல்லி கேட். கோட்டை என்பது பெயருக்குத்தான். மிஞ்சியிருப்பது ஒரு வாசல், கொஞ்சம் மதில், இரண்டு கொத்தளம். மற்ற இடத்தையெல்லாம் ஆஸ்பத்திரிகளும் மெடிக்கல் காலேஜும் பஸ் போகிற ரோடும் எடுத்துக்கொண்டுவிட்டன.

மதிலில் ஆங்கிலத்தில் ஒரு கல் பதித்திருக்கிறது. இந்த உடைப்பின் வழியாகத்தான் பிரிட்டிஷ் படை புகுந்தது, மார்ச் 21, 1791 என்று இரண்டு வரி. அதை செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது சாமந்தி விற்கிற அம்மா ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தமிழில் கேட்டார்: “என்னா சார் அங்க போட்டோ எடுக்கறீங்க? புள்ளையார் உள்ளல்ல இருக்காரு.”

“சாமி இல்லம்மா. கல்லுல ஒரு தேதி இருக்கு, அதை எடுக்கறேன்.”

“கல்லுல தேதி போட்டிருந்தா யாராச்சும் செத்திருப்பாங்க” என்று சொல்லிவிட்டு முழம் போடப் போய்விட்டார்.

செத்தார்கள். கெம்பேகவுடா 1537இல் மண்ணால் எழுப்பியதாகச் சொல்லும் கோட்டை, 1761இல் ஹைதர் அலி கையில் கல்கோட்டையாக மாறியது. முப்பது வருஷம் கழித்து அதன் முன்னால் வந்து நின்றவர் காரன்வாலிஸ் பிரபு. அமெரிக்கச் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றவர். சரணடைகிற சடங்கன்று உடம்பு சரியில்லை என்று தன் வாளைத் துணைத் தளபதியிடம் கொடுத்து அனுப்பியவர். பத்து வருஷம் கழித்து கவர்னர் ஜெனரலாக வேலூரிலிருந்து கிளம்பினார். ஆம்பூர் வழியாக வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே மொகிலிக் கணவாய் ஏறிக் கோலார் வந்து பெங்களூரைப் பிடித்தார். அமெரிக்காவில் விட்ட மானத்தை இங்கே தேடினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் சினிமாத்தனமான விளக்கம்தான், ஆனால் முழுப் பொய் என்றும் தள்ள மனம் வரவில்லை.

மார்ச் 7இல் கோட்டைக்கு வெளியே இருந்த ஊரான பேட்டை விழுந்தது. அதற்கு அப்புறமும் கோட்டை இரண்டு வாரம் தாங்கியது. ஹைதரின் மகன் திப்பு படையோடு வெளியேதான் இருந்தார். அவர் எப்போது பாய்வாரோ என்ற பயம் முற்றுகையிட்டவர்களுக்கு. பீரங்கியால் மதிலில் வாய் திறந்ததும் அவர்கள் காத்திருக்கவில்லை. 21ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிவாக்கில், நல்ல நிலா வெளிச்சத்தில் ஏறிவிட்டார்கள்.

உள்ளே கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பகதூர் கான். எழுபது வயது, ஓங்கிய உருவம், இடுப்புவரை வெண்தாடி என்று அவரைக் கொன்ற தரப்பே மரியாதையோடு எழுதி வைத்திருக்கிறது. உடைப்பில் நின்று சண்டையிட்டே விழுந்தார். உடலை அனுப்பி வைக்கட்டுமா என்று காரன்வாலிஸ் கேட்க, அங்கேயே முஸ்லிம்கள் கையால் அடக்கம் ஆகட்டும் என்று திப்பு பதில் அனுப்பினார். கல்லில் அந்தக் கிழவர் பெயர் இல்லை. மார்க்கெட் பக்கம் அவருடையது என்று நம்பி மக்கள் ஊதுபத்தி ஏற்றுகிற ஒரு தர்கா இருக்கிறது.

இந்த உடைப்பு பெங்களூரோடு நிற்கவில்லை. மறுவருஷம் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தை இழந்தார். சேலம், பாரமகால், திண்டுக்கல் எல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. பாரமகாலில்தான் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி. சாமந்தி அம்மாவின் ஊர் மைசூர் ராஜ்யத்திலிருந்து மெட்ராஸ் கணக்குக்கு மாறியது இப்படி. கோட்டை மட்டும் திப்புவுக்கே திரும்பியது. அவர் செய்த முதல் காரியம் அதை இடிக்கச் சொன்னது! 1799இல் அவரும் போன பிறகு, 1809இல் ஆங்கிலேயர் கிழக்கே கன்டோன்மென்ட் போட்டார்கள். சிப்பாயாக, சமையல்காரராக, குத்தகைதாரராகத் தமிழர்கள் கூட்டமாய் வந்து இறங்கியது அதற்குப் பிறகு. நாம் அப்போதுதான் முதல்முதலாக வந்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். தொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவரில் அதற்குப் பல நூற்றாண்டு முந்திய தமிழ்க் கல்வெட்டே இருக்கிறது.

கோட்டையை விட்டு அவென்யூ ரோட்டில் நுழைந்தேன். பழைய பெயர் தொட்டபேட்டை. பழைய பாடப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் விற்கிற இந்தச் சந்தில் ஆட்டோவே தயங்கித்தான் நுழையும். நடந்தால் அரைமணியில் மைசூர் பேங்க் சர்க்கிள். நடக்கிற நேரத்தில் இதே தேதியில் மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்த்துவிடலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் அல்கட்ராஸ் தீவுச் சிறையை 1963 மார்ச் 21இல் மூடினார்கள். மனிதாபிமானம் எல்லாம் இல்லை, செலவு கட்டவில்லை. 1990 மார்ச் 21இல் நமீபியா சுதந்திரம் அடைந்தது. அந்த மாற்றத்துக்குக் காவல் நின்ற ஐ.நா. படையின் தளபதி நம் நாட்டுக்காரர், திவான் பிரேம் சந்த்.

நமீபியாவை அதுவரை பிடித்து வைத்திருந்தது தென் ஆப்பிரிக்கா. அந்த நாட்டுக்கு இதே தேதியில் ஒரு ரத்தக் கறை உண்டு. 1960இல் ஷார்ப்வில் என்ற ஊரில் கறுப்பர்கள் பாஸ் புத்தகம் இல்லாமல் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் கூடினார்கள். பிறந்த மண்ணில் நடமாடவே சட்டைப்பையில் சீட்டு வேண்டும் என்ற சட்டத்தை மீறி, எங்களைக் கைது செய்யுங்கள் என்று கேட்கப் போனவர்கள். போலீஸ் சுட்டது. 69 பேர் செத்தார்கள் என்றது அரசுக் கணக்கு. நிறையப் பேருக்குக் குண்டு முதுகில். சீட்டு விவகாரம் நமக்குப் புதிதல்ல. 1908இல் ஜோகன்னஸ்பர்க்கில் காந்தியோடு பதிவுச் சீட்டுகளைக் கொளுத்திய கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள். அந்தப் போராட்டத்தின் பிற்பகுதியில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, சில நாளில் கண்ணை மூடியவர்தான் தில்லையாடி வள்ளியம்மை.

மைசூர் பேங்க் சர்க்கிளைக் கடந்து கொஞ்சம் போனால் ஃப்ரீடம் பார்க். நேற்றுவரை சென்ட்ரல் ஜெயில். கைதிகளை 2000இல் பரப்பன அக்ரஹாராவுக்கு மாற்றிவிட்டு, 2008இல் பூங்காவாகத் திறந்தார்கள். நடுவில் காவல் கோபுரம் அப்படியே நிற்கிறது. நகரத்தில் ஆர்ப்பாட்டம் என்றால் போலீஸ் கை காட்டுவது இந்த இடத்தைத்தான். கோஷம் போட உள்ளே போ என்கிறார்கள், போகவேண்டிய இடமோ பழைய ஜெயில். நான் போனபோது ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக் டெஸ்டிங் நடந்துகொண்டிருந்தது.

1975 ஜூன் 26 காலையில் வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே எல்லாரும் பெங்களூரில் எம்.எல்.ஏ. விடுதியில் இருந்தார்கள். கட்சித் தாவல் தடை மசோதாவுக்கான நாடாளுமன்றக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர்கள். முந்தின ராத்திரி டெல்லியில் எமர்ஜென்சி. கூட்டத்துக்குப் பதிலாக இந்த ஜெயிலுக்குப் போனார்கள்.

அந்த எமர்ஜென்சி முடிந்த நாள் 1977 மார்ச் 21. ரேபரேலியில் ராஜ் நாராயணிடம் 55 ஆயிரம் ஓட்டில் தோற்ற இந்திராவின் அமைச்சரவையே பரிந்துரைக்க, ரத்து செய்தவர் பொறுப்பு ஜனாதிபதி பி.டி. ஜத்தி. பக்ருதீன் அலி அகமது பிப்ரவரியில் இறந்ததால் அந்த நாற்காலிக்கு வந்தவர். மைசூர் மாநிலத்தின் பழைய முதலமைச்சர், ஆக ரத்துக் கையெழுத்து ஒரு கன்னடக்காரருடையது. அதற்காகக் கர்நாடகம் மார்தட்டிக்கொள்ள முடியாது. 28 தொகுதியில் 26ஐக் காங்கிரசுக்கே கொடுத்த மாநிலம் இது. நாமும் சிரிக்க வேண்டாம், தமிழ்நாட்டிலும் அண்ணா தி.மு.க.-காங்கிரஸ் அணிதான் 39இல் 34. எமர்ஜென்சியை முடித்து வைத்தது வடக்கின் ஓட்டு. இங்கே விதிவிலக்குகளில் ஒன்று, பெங்களூர் தெற்கு. 1973இல் தன்னைத் தாண்டி ஜூனியர் நீதிபதியைத் தலைமை நீதிபதியாக்கியதால் சுப்ரீம் கோர்ட்டை விட்டு விலகிய கே.எஸ். ஹெக்டேயை அந்தத் தொகுதி ஜெயிக்க வைத்தது.

தலைவர்களின் சிறைவாசம் புத்தகங்களில் வந்துவிட்டது. இதே ஜெயிலில் பெண்கள் பக்கத்தில் இருந்த ஸ்னேகலதா ரெட்டியைச் சொல்லியாக வேண்டும். ‘சம்ஸ்காரா’ படத்தில் சந்திரியாக நடித்தவர். சென்னையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். ஜார்ஜ் பெர்னாண்டஸ் மீதான பரோடா டைனமைட் வழக்கைச் சொல்லி 1976 மே மாதம் பிடித்தார்கள். கடைசிக் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரே இல்லை. கடுமையான ஆஸ்துமா. இழுப்பு முற்றிப் போன பிறகுதான் 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். 18இல் இந்திரா தேர்தல் அறிவித்தார். 20இல் ஸ்னேகலதா இறந்தார்.

ஜத்தி கையெழுத்துப் போட்ட அன்று, அவர் போய் அறுபது நாள் ஆகியிருந்தது.

(தொடரும்)