ஓரக் கயிறும் துண்டு வேலைக் கூலியும்

மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்ப்பையும் அதனை ஒட்டிய தாராவியையும் தோல், மண்பாண்டம், ஆயத்த ஆடை ஆகிய தொழில்களுக்காகவே பலரும் அறிவர். ஏணி வைத்து ஏறவேண்டிய தாராவியின் மேல்தளங்களில் சரிகைப் பூத்தையல் பட்டறைகளும் இயங்குகின்றன. அவற்றில் உழைப்போருள் உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலத்தவர் மிகுதி. இக்கலையில் பூவின் விளிம்பை வரையறுக்கும் தடித்த நூலுக்கு, அதாவது ஓரக் கயிற்றுக்கு, உள்ள இடம் தொழில்நுட்பம் சார்ந்தது மட்டுமன்று; கூலிக் கணக்கோடும் தொடர்புடையது.

'அட்டா' எனப்படும் மரச்சட்டத்தில் துணியை முரசுத் தோல்போல் இழுத்துக் கட்டுகின்றனர். ஊசியால் துளையிட்ட மாதிரித் தாளைத் துணிமேல் பரப்பி, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் உருவம் புள்ளிகளாகப் பதியும். இத்தாளுக்குக் 'காக்கா' என்று பெயர். தமிழ்க் காதுக்குப் பறவையின் பெயராக ஒலிப்பினும், வரைபடம் என்பதே அதன் பொருள். இப்புள்ளிகளின் வழியே ஓரம் அமைகிறது. எளிய வேலையில் ஆரி ஊசியின் சங்கிலித் தையலே ஓரமாகிவிடும். உயர்ந்த வேலையில் சரிகைக் கயிற்றைத் துணியின் மேற்பரப்பில் கிடத்தி, மெல்லிய வேறொரு நூலால் சிறு தையலிட்டுப் பிணைக்கின்றனர். உலோகம் சுற்றிய கயிற்றைத் துணியினூடே மீண்டும் மீண்டும் இழுத்தால் முலாம் உரியும்; துணியும் அறுபடும். வளைவுகளில் பிணைப்புத் தையல்கள் நெருங்கி விழவேண்டும். கூர்முனைகளில் கயிறு பிசகாமல் திரும்பவேண்டும். தொழிலாளியின் நேரம் பெரிதும் செலவாவது இங்கேதான். உள்ளே நிரப்பும் சுருள்கம்பியையோ, அளவாக நறுக்கி மணிபோல் ஊசியில் கோத்து விரைவாகத் தைத்துவிடலாம்.

லேபர் கேம்ப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்தவை. அதற்கும் தெற்கே, நாகர்கோவிலில், ஓரநூலுக்கு இடமுள்ள மற்றொரு கைத்தொழில் வேரூன்றியது. 1819ஆம் ஆண்டில் அங்கு வந்த லண்டன் மிஷன் போதகரின் துணைவியார் மார்த்தா மால்ட், தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னலைக் கற்பித்தார். அக்கூலியைச் சேர்த்து அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான். திண்டின்மேல் மரக்கட்டைகளைக் கொண்டு பின்னும் லேஸில், மெல்லிழைகளுக்கிடையே தடித்த நூலொன்றை ஓட்டிப் பூவை எடுத்துக்காட்டுவது வழக்கம். பிரான்சின் அலான்சோன் ஊசி லேஸில் ஓரம் விறைப்பாக நிற்பதற்குக் குதிரைமயிரையும் உள்ளே வைத்துத் தைப்பர்.

இனிக் கூலியைக் கருதுவோம். துண்டு வேலைக்குக் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கில் பேசப்படுகிறது. 'ஒரு பூவுக்கு இவ்வளவு' என்றால், ஐந்து இதழ்ப் பூவும் பதினைந்து இதழ்ப் பூவும் ஒரே விலை பெறக்கூடும். பேரம் பேசும் வலிமையற்ற தொழிலாளிக்கே இதனால் இழப்பு. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் துண்டு வேலைக்கும் கூலி வரையறுக்க இடமளித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே. ஆனால் எதை அளவாகக் கொள்வது என்ற வினா எழுகிறது.

ஓரக் கயிற்றையே அளவாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. பூவின் அழகை அளக்க இயலாது. அதன் ஓரத்தை அளக்கலாம். மாதிரித் தாளின் கோடுகள்மேல் ஒரு நூலை வைத்து, பின் அதனை நீட்டி அளந்தால் சென்டிமீட்டர் கணக்கு கிடைத்துவிடும். கூர்திருப்பங்களை எண்ணி அதனுடன் குறித்துக்கொள்ளலாம். ஒரே தாள் பல உருப்படிகளுக்குப் பயன்படுவதால் ஒருமுறை அளந்தாலே போதும். அளவைத் தாளின் மூலையில் எழுதிவைத்தால் முதலாளி, தரகர், தொழிலாளி மூவரும் காண்பர். மணியும் ஜமிக்கியும் நிறைந்த வேலைக்கு இது மட்டும் போதாது. அங்கு அவற்றின் எண்ணிக்கையையும் சேர்க்கவேண்டியிருக்கும்.