பழைய வண்ணப் படம் ஏன் சிவக்கிறது?

மாணவர்களே, பாட்டி வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருக்கும். 1970களில் எடுத்த வண்ணப் படமோ சிவந்திருக்கும். ஏன்?

கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பவை வெள்ளித் துகள்கள்; அவை எளிதில் மங்குவதில்லை. வண்ணப் படத்தில் மஞ்சள், மெஜந்தா, சியான் ஆகிய மூன்று சாயங்கள் உள்ளன. அக்காலத் தாள்கள் பலவற்றில், இருட்டில் வைத்திருந்தாலும் சியான் சாயமே முதலில் மங்கியது. சிவப்பு ஒளியை உறிஞ்சுவது அதுதான். அது குறைந்தால் படம் சிவப்பாகத் தெரியும். நம் நாட்டு வெப்பமும் ஈரப்பதமும் இதை விரைவுபடுத்துகின்றன.

மங்கிய சாயம் மீளாது. எனவே, இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். புலனத்தில் அனுப்பும் படம் தரம் குறையக்கூடும். மூலக் கோப்பைத் தனியே சேமியுங்கள். குடும்பக் குழுவில் பகிரும் முன், படத்தில் இருப்பவர்கள் யார் என்று பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதை எந்தக் கருவியும் சொல்லாது.