வந்த பாசி! வாடும் பவளம்!

அச்சங்குளத்துக்கும் அலைகடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் உளர். கந்தகத்தோடும் காகிதக் குழாயோடும் காலந்தள்ளும் தோழனுக்குக் கடற்பாசிக் கதை எதற்கு என்று ஏளனம் பேசுவாரும் உளர். அவர்கட்குச் சொல்வோம்: 1985 வரை இந்தக் கரிசல் மண்ணும் மண்டபத்துக் கடற்கரையும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம். கோடு கிழித்து மண்ணைப் பிரித்தது ஆட்சியாளரின் பேனா. பாட்டாளியின் பசியைப் பிரிக்க எந்தப் பேனாவாலும் ஆகாது!

சீமைக் கருவேலத்தை நாம் அறிவோம். விறகு தரும் என்றார்கள். விறகும் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் கண்மாயைப் பிடித்தது, காட்டைப் பிடித்தது, இன்று வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. கரையிலே அந்தக் கருவேலம் என்றால், கடலுக்குள்ளே கப்பாஃபைகஸ் என்னும் பாசி!

பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய பாசி அது. அதிலிருந்து எடுக்கும் காரஜீனன், ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் பதம் தருவது. மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்திலே அதைச் சோதித்தது. 2000-ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் வணிகத்துக்கு வளர்க்க வந்தது. 'பெப்சி பாசி' என்றே பெயரிட்டனர் கடற்கரை மக்கள். மூங்கில் மிதவையில் கட்டினால் 45 நாளில் அறுவடை. மீனவப் பெண்களுக்குக் கூலி கிடைத்தது, அடுப்பும் எரிந்தது.

பிறகு நடந்ததென்ன? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அவற்றில் ஒன்றான குருசடைத் தீவின் பவளங்கள்மேல் இந்தப் பாசி படர்ந்துவிட்டதை, 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். விதை வேண்டாம், வேர் வேண்டாம். ஒடிந்த துண்டொன்று போதும் அது தழைக்க. பவளத்தைப் போர்வையாய் மூடும், ஒளியை மறைக்கும், ஒளி இழந்த பவளம் சாகும்.

பவளத்தைக் கல்லென்று எண்ணாதீர், தோழர்களே! உயிர் அது. அதன் பொந்துகளே மீன் குஞ்சுக்குத் தொட்டில், கலவா மீனுக்குக் குடியிருப்பு. தொட்டில் மூடினால் குஞ்சு எங்கே ஒளியும்? குஞ்சு பிழைக்காவிட்டால் வலை எதனால் நிறையும்?

உலகம் இதைக் கண்டிருக்கிறது. 1984-இல் மொனாக்கோ அருட்காட்சியகத்தருகே சிறு திட்டாகக் காணப்பட்ட காலெர்ப்பா பாசி, சில ஆண்டுகளில் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேரைப் பிடித்தது. 1970-களில் ஹவாய்க்குக் கொண்டுபோன கப்பாஃபைகஸ் அங்கும் பவளத்தின்மேல் ஏறியது. பாசியை உறிஞ்சக் குழாய்ப் பொறி, மேயக் கடல் முள்ளெலி என்று அந்நாட்டார் பெரும்பாடு பட்டார்கள்.

"பெண்கள் பிழைப்பைக் கெடுக்கவா சொல்கிறீர்?" என்பார்கள். இல்லை! அந்தப் பிழைப்பு நிலைக்க வேண்டும் என்கிறோம். கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்தும் நம் கடலின் சொந்தப் பிள்ளைகள். அவற்றை வளர்க்க முதலில் பணம் ஒதுக்குக! பாக் நீரிணையின் வடபகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே கப்பாஃபைகஸ் வளர்க்கலாம் என்று 2005-இல் தமிழக அரசு ஆணையிட்டது. அந்த ஆணையைக் காத்து நிற்க! பாசி தப்பிப் பரவினால் களையும் செலவை இலாபம் எடுத்தவன் தலையில் வைக்க! கண்காணிக்கும் குழுவிலே மீனவப் பெண்ணுக்கு நாற்காலி தருக!

2021 பிப்ரவரி 1-ஆம் நாள், தமிழகத்தில் கடற்பாசிப் பூங்கா அமைப்போம் என்று டில்லி நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதே பிப்ரவரி 12-ஆம் நாள், அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதிகள் புத்தகத்திலே இருந்தன. உயிரைக் காக்க அவை எழுந்து வரவில்லை. ஆதலால் நமக்குத் தெரியும்: காவல் முன்னே வரவேண்டும், கண்ணீருக்குப்பின் வரும் காவலால் பயனில்லை!

மருந்தறையில் நிற்கும் தோழனே! மிதவை கட்டும் அந்தத் தங்கையின் குரலோடு உன் குரலும் சேரட்டும். சேர்ந்தால் டில்லிக்கும் கேட்கும்!