கிலோவா, லிட்டரா?

1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள். கனடா நாட்டில், 41,000 அடி உயரத்தில் ஒரு போயிங் 767 விமானம் பறந்துகொண்டிருந்தது. மான்ட்ரியலில் புறப்பட்டு, ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குச் செல்லும் ஏர் கனடா விமானம் அது. உள்ளே 69 பேர் இருந்தார்கள். நடுவானில் முதலில் ஓர் எஞ்சின் நின்றது. சிறிது நேரத்தில் மற்றதும் நின்றது. எஞ்சின்களில் பழுது ஒன்றும் இல்லை. எரிபொருள் தீர்ந்துவிட்டது!

புறப்படுவதற்கு முன் எரிபொருளை அளந்து பார்த்தார்கள், கணக்கும் போட்டார்கள். பிறகு எப்படித் தீர்ந்தது? அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போமா?

ஒரே எண்ணெய், இரண்டு அளவுகள்

உங்கள் வீட்டுச் சமையல் எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 1 லிட்டர் என்றும், 910 கிராம் என்றும் அதில் அச்சிட்டிருப்பார்கள். லிட்டர் என்பது எண்ணெய் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. அதாவது கன அளவு. கிராம் என்பது அதிலுள்ள பொருளின் அளவு, அதாவது நிறை. இவ்விரண்டையும் இணைப்பது அடர்த்தி. இந்த எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 0.91 கிலோகிராம்.

நிறை = கன அளவு × அடர்த்தி
கன அளவு = நிறை ÷ அடர்த்தி

விமானிக்கு நிறைதான் முக்கியம். எரிபொருள் தரும் வெப்பம் அதன் நிறையைப் பொறுத்தது. மேலும், விமானம் எவ்வளவு எடையைத் தூக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் எரிபொருளை ஊற்றும் லாரியில் உள்ள மீட்டரோ லிட்டரைத்தான் காட்டும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒன்றை மற்றொன்றாக மாற்றியே தீரவேண்டும்.

பாயும் எண்ணெய்க்கும் இதே கணக்கு

குழாயில் ஓடும் எரிபொருளுக்கும் இந்த விதி பொருந்தும். நேரம் மட்டும் கூடச் சேரும். ஓர் எஞ்சின் மணிக்கு 2,400 கிலோகிராம் எரிபொருளைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது நிறைப் பாய்வு வீதம். எரிபொருளின் அடர்த்தி லிட்டருக்கு 0.8 கிலோகிராம் என்றால்,

2,400 ÷ 0.8 = மணிக்கு 3,000 லிட்டர்

இது கன அளவுப் பாய்வு வீதம். 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 50 லிட்டர்.

அடர்த்தி எப்போதும் ஒன்றுபோல் இருக்குமா? இராது. வெப்பம் ஏறினால் எண்ணெய் விரிவடையும், அடர்த்தி குறையும். அது 0.78 ஆகக் குறைந்துவிட்டால், அதே 2,400 கிலோகிராமுக்கு மணிக்கு ஏறத்தாழ 3,077 லிட்டர் ஓட வேண்டும். எஞ்சினுக்குக் கிடைக்கும் வெப்பத்தில் மாற்றம் இல்லை. குழாயில் ஓடும் கன அளவுதான் கூடுகிறது. விமானத்தின் கணிப்பொறி நிறையிலேயே கணக்கு வைத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறு எங்கே?

மீண்டும் மான்ட்ரியலுக்கு வருவோம். அன்று விமானத்தின் எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. எனவே அளவுகோலை விட்டுப் பார்த்து, தொட்டிகளில் 7,682 லிட்டர் இருப்பதை அறிந்தார்கள். பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். இன்னும் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்? அவர்கள் போட்ட கணக்கு இது:

7,682 × 1.77 = 13,597
22,300 − 13,597 = 8,703
8,703 ÷ 1.77 = 4,917

ஏறத்தாழ இந்த அளவே ஊற்றினார்கள். பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. பிழை 1.77 என்ற எண்ணில் இருந்தது. அந்த எரிபொருள் ஒரு லிட்டர் 1.77 பவுண்டு எடை கொண்டது. அந்நிறுவனத்தின் பழைய விமானங்களில் பவுண்டுக் கணக்கு. புதிதாக வந்த 767-இல் கிலோகிராம் கணக்கு. போட வேண்டிய எண் 0.803.

7,682 × 0.803 = 6,169 கிலோகிராம்
22,300 − 6,169 = 16,131 கிலோகிராம்
16,131 ÷ 0.803 = 20,088 லிட்டர்

20,000 லிட்டருக்குமேல் ஊற்ற வேண்டிய இடத்தில் 5,000 லிட்டர்கூட ஊற்றவில்லை! தேவையில் பாதி எரிபொருள்கூட இல்லாமல் விமானம் கிளம்பியது. விமானத்தின் கணிப்பொறியிலும் 22,300 என்றே பதிவு செய்தார்கள். எஞ்சினுக்குள் பாயும் எரிபொருளை அது சரியாக அளந்து கழித்துக்கொண்டே வந்தது. ஆனால் தொடக்க எண்ணே தவறு. ஆகவே தொட்டி வற்றிய வேளையிலும், இன்னும் நிறைய இருப்பதாகவே அது காட்டியது. ஒட்டாவாவில் மறுபடி அளந்து பார்த்தபோதும் அதே 1.77-ஐத்தான் பயன்படுத்தினார்கள்.

ஒரு நொடிச் சோதனை

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டுமா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோகிராம். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது, தண்ணீரில் மிதக்கும். அப்படியானால் அதன் கிலோகிராம் எண் எப்போதும் லிட்டர் எண்ணைவிடச் சிறியதாகத்தானே இருக்க வேண்டும்? 7,682 லிட்டர் எண்ணெய் 13,597 கிலோகிராம் இருக்குமா? இருந்தால் அது தண்ணீரில் மூழ்கிவிடுமே!

அந்த 69 பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? தலைமை விமானி ராபர்ட் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிய பழக்கம் இருந்தது. துணை விமானி மாரிஸ் குவின்டல் கிம்லி என்ற ஊரில் பழைய விமானப் படைத் தளம் ஒன்று இருந்ததை நினைவில் வைத்திருந்தார். எஞ்சின்கள் நின்ற அந்தப் பெரிய விமானத்தைக் கிளைடர்போலச் சறுக்கவிட்டு அங்கே இறக்கினார்கள். சக்கரத்தில் முன்பக்கத்தது மடங்கி, மூக்கு தரையில் உரசியபடி விமானம் நின்றது. சிலருக்குச் சிறு காயங்கள், உயிர்ச்சேதம் இல்லை. அந்த விமானமும் பழுது பார்க்கப்பட்டு, 2008 வரை பறந்தது.

கணக்கில் விடை எழுதி அலகை விட்டுவிட்டால் ஆசிரியர் மதிப்பெண் குறைக்கிறாரே என்று இனி வருந்தாதீர்கள். 1.77 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் "லிட்டருக்குப் பவுண்டு" என்று யாராவது எழுதியிருந்தால், அன்று அந்த விமானம் எட்மன்டனுக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.