உங்களுக்குத் தெரியுமா? ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது!

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினர் கொண்டுதிரிந்த திசைகாட்டிகள் பலவற்றில், இரவிலும் தெரிவதற்காக ரேடியம் கலந்த பூச்சு இட்டார்கள். பூச்சின் ஒளிரும் பொருள் சில ஆண்டுகளிலேயே செயலிழந்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவோ சுமார் 1,600 ஆண்டுகள் வேண்டும். இருட்டில் மின்னாத பழைய கருவியும் இன்றுவரை கதிர்வீசிக்கொண்டிருக்கும். அதைக் கழற்றாதீர்கள், சுரண்டாதீர்கள். உதிரும் தூசியைச் சுவாசிப்பதுதான் பெரிய ஆபத்து.

• இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரித்தானியக் கருவி கைக்கு வந்தால் உலோகத்தில் சிறிய அம்புக்குறியைத் தேடுங்கள். அதுதான் அரச உடைமை முத்திரை.

• அப்போர்க்கால ஜெர்மன் இராணுவப் பைனாக்குலர்களில் பெரும்பாலும் கம்பனிப் பெயர் இராது, இரகசியக் குறியீடுதான். 'பி.எல்.சி.' என்றால் யேனா நகரின் கார்ல் சைஸ், 'பி.இ.எச்.' என்றால் வெட்ஸ்லாரின் லைட்ஸ்.

• ஹெந்தளை போன்ற கடலோர ஊர்களில் பழைய பைனாக்குலர்களின் உண்மையான எதிரி பூஞ்சைதான். பெரிய வில்லைப் பக்கமிருந்து டோர்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள்: சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்துவிட்டது. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரிக்கும், பிறகு துடைத்தும் பயனில்லை. அழகான பழைய தோலுறை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். உறையை வேறாக வையுங்கள்; கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள்.