இறுங்கின் இளங்குருத்து

கிருலப்பனை வழியாகச் செல்லும் களனிவெளிப் புகையிரதப் பாதையின் ஓரங்களில் மண்டிக் கிடக்கும் கினிப்புல்லைத் தினந்தோறும் கடந்து வேலைக்குச் செல்லும் நமக்கு, புல் என்பது விதைப்பாரின்றித் தானே முளைப்பது, மாட்டுக்கு ஒருபோதும் தீங்கு செய்யாதது என்ற எண்ணம் படிந்திருப்பது இயல்பே. ஆயினும், வெளிநாட்டுப் பால்மாவைப் பெரிதும் நம்பியிருக்கும் இந்நாட்டில் ஒரு போத்தல் பசும்பால் நம் வாசலுக்கு வந்து சேர்வதன் பின்னால், புல்லையும் ஒரு பயிராகப் பாவித்து நட்டு வளர்ப்போரின் பிரயாசையும், அப்புல்லினாலேயே பசுவைப் பறிகொடுக்க நேருமோ என்ற அச்சமும் உள்ளன என்பதைப் பட்டணத்தாரும் அறிந்திருக்க வேண்டும்.

உஷ்ணப் பிரதேசத்துக்குரிய தீவனப் புற்களுள் நம் பண்ணையாளரிடையே பெருவழக்குப் பெற்றது, கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் இனங்கலந்து உருவாக்கிய கோ-3 ஆகும். தண்டுத் துண்டுகளை நட்டு, எருவிட்டு நீர் பாய்ச்சினால், 75 அல்லது 80 நாட்களில் முதல் வெட்டும், அதன்பின் ஏறக்குறைய 45 நாட்களுக்கு ஒரு வெட்டுமாக வருஷக்கணக்கில் பயன் தருவது அது. வறட்சியைத் தாங்கும் தீவனம் வேண்டுவோர்க்கு, இறுங்கையும் சூடான் புல்லையும் கலந்து அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.எப்.எஸ்.-29 உண்டு, விதைத்து 65 நாட்களளவில் முதல் வெட்டுக்கு வரும். விசேஷ ஜாக்கிரதை வேண்டுவது இந்த இறுங்கு வர்க்கத்திடமே.

நாம் இறுங்கென்றும் தமிழ்நாட்டார் சோளமென்றும் வழங்கும் இப்பயிரின் இளங்குருத்தில் தூரின் என்றொரு பதார்த்தம் இருப்பதை, டன்ஸ்டன், ஹென்றி என்னும் இரு ஆங்கில இரசாயன சாஸ்திரிகள் 1902ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இலை முழுமையாக இருக்கும்வரை தூரினும் அதைச் சிதைக்கும் நொதியும் வெவ்வேறு இடங்களில் ஒன்றையொன்று அணுகாமல் அடங்கிக் கிடக்கின்றன. பசுவின் பல்லில் இலை நசுங்கியதும் இரண்டும் கலந்து, ஹைதரசன் சயனைட்டு என்னும் கொடிய விஷம் பிறக்கிறது. அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களும் இவ்வினையைத் துரிதப்படுத்துவதால், குதிரையைவிட மாடும் ஆடும் விரைவாக இதற்கு இரையாகின்றன.

ஆகவே புல்லைக் குற்றஞ்சொல்வது தகாது. வெட்டும் பருவத்தையே பார்க்க வேண்டும். இரண்டடி உயரத்துக்குக் குறைந்த இளம்பயிரும், கடுங்கோடையில் வாடி நிற்கும் பயிரும், எல்லாவற்றுக்கும் மேலாக, நீண்ட வறட்சிக்குப் பின் ஐப்பசி மழையின் முதல் தூற்றலில் அடிக்கட்டையிலிருந்து பளபளவென்று வெடித்துக் கிளம்பும் துளிர்களும் ஆபத்தானவை. வன்னியின் காய்ந்த வெளிகளில் மாதக்கணக்கில் சருகைத் தின்று பசித்த மாட்டுக்கு அந்தத் துளிரைவிட ருசியானது வேறில்லை. அந்தத் துளிரிலோ அன்று நஞ்சு உச்சத்தில் இருக்கிறது. பயிர் பூக்கும்வரை பொறுத்து வெட்டுவதும், மாட்டுக்கு முதலில் வைக்கோலிட்டுப் பசியாற்றுவதும், வெட்டிய தட்டையை வெயிலில் நன்கு உலர்த்திக் கொடுப்பதும் பெரும்பாலும் இந்த ஆபத்தைத் தவிர்க்கும்.

உலர்த்தினாலும் நீங்காத மற்றொரு தோஷம் நைத்திரேற்று. யூரியாவும் தொழுவத்துக் கழிவுநீரும் மிதமிஞ்சிப் பாய்ந்த மண்ணில், வறட்சியோ மேகமூட்டமோ வளர்ச்சியைத் தடுக்கும்போது, கோ-3 உட்பட எந்தப் புல்லும் அதைத் தன் தண்டின் அடிப்பாகத்தில் சேர்த்துவைக்கும். பட்டணத்துக் கழிவுநீர் வாய்க்கால்களின் கரையில் மாடு வைத்திருப்போர், கருகருவென்ற பச்சையைக் கண்டு மகிழ்ந்து அடியொட்ட அறுத்துக் கட்டுவதை நான் கவலையோடு பார்ப்பது இதனாலேயே. அடித்தண்டைச் சற்று உயர விட்டு அறுத்து, வைக்கோலோடு கலந்து கொடுத்தால் தீங்கு வெகுவாகக் குறையும்.

இரு நஞ்சுகளிலும் மாடு மூச்சிரைத்து, தள்ளாடி, விழுந்து துடிக்கும்; சயனைட்டானால் சில நிமிஷங்களிலேயே உயிர் போய்விடலாம். முன்னதில் இரத்தம் செக்கச்செவேலென்றிருக்கும், உடலின் அணுக்கள் பிராணவாயுவை ஏற்க இயலாமற் போவதால். பின்னதில் இரத்தமே அவ்வாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, சொக்கலேற்றைப் போலப் பழுப்பேறும். சயனைட்டுக்கு ஊசிவழி ஏற்றப்படும் சோடியம் தயோசல்பேற்றும், நைத்திரேற்றுக்கு மெதிலீன் நீலமும் பரிகாரங்கள். ஒன்றுக்குரிய மருந்து மற்றதைத் தீர்க்காதாகையால், மிருக வைத்தியருக்கு ஆளனுப்புகிறவர், மாடு தின்ற புல்லில் ஒரு பிடியை வேரடித் தண்டோடு எடுத்துச் சென்று, அது எந்த நிலத்தில் நின்றது, எப்போது மழை பெய்தது, கடைசியாக எப்போது உரமிட்டது என்பவற்றையும் அவரிடம் சொல்லிவிடச் செய்வது அவசியம்.